கம் பிரிண்ட்ல நெசமான கறுப்பு வரணும்னா

கம் பிரிண்ட், அதாவது பிசினும் வாட்டர்கலரும் கலந்து பேப்பர்ல பூசி வெயில்ல காட்டி போட்டோ பிரிண்ட் எடுக்குற பழைய முறை, இத போட்டுப் பார்த்தவங்க பாதிப் பேரு சொல்ற புகார் ஒண்ணுதான், கறுப்பு கறுப்பா வரமாட்டேங்குது, கரிச்சட்டி கழுவின தண்ணி மாதிரி ஒரு சாம்பல்ல வந்து நின்னுடுது. உடனே என்ன பண்றாங்க, அடுத்த தடவ கலர ரெண்டு மடங்கு பிழிஞ்சு கலக்குறாங்க, தண்ணியில போட்டதும் கறுப்பு மொத்தமும் செதில் செதிலா உரிஞ்சு ட்ரேல மிதக்குது, இந்த வேலையே வேணாம்னு எல்லாத்தையும் பொட்டில போட்டு கட்டி வச்சிடுறாங்க. விஷயம் என்னன்னா, இதுல கறுப்ப ஒரே பூச்சுல வாங்க முடியாது. மெல்லிசா மூணு பூச்சு, சில படத்துக்கு நாலு, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தித்தான் வாங்கணும். ஏன் அப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் கை பழக்கம்தான்.

நான் இருக்கிறது மலேசியாவுல சுங்கை சிப்புட், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவுல, ஒரு காலத்துல சுத்தி பூரா பால்மரம், அதாவது ரப்பர், இப்ப கண்ணுக்கு எட்டின வரைக்கும் செம்பனை. இத சொல்றதுக்கு காரணம், கம் பிரிண்ட் பத்தி எழுதினவங்க பெரும்பாலும் குளிரான, காஞ்ச ஊருக்காரங்க. அவங்க சொல்ற நேரம், அவங்க சொல்ற காய வைக்கிற முறை எதுவும் இங்க அப்படியே ஒத்து வராது. நம்ம காத்துல ஈரம் சராசரியா 80 சதவீதத்துக்கு பக்கத்துல நிக்குது, மத்தியானம் மூணு மணிக்கு மேல மழை வந்தாலும் வரும், வெயில் அடிச்சா மண்ட பொளக்கும். அதனால நான் எழுதுறது நம்ம ஊரு கணக்குக்கு.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு. அரபிக் பிசின், வாட்டர்கலர், டைக்ரோமேட் உப்பு, இது மூணும்தான் சரக்கு. கலந்து பேப்பர்ல பூசி காய வச்சி, மேல நெகட்டிவ் வச்சி வெயில்ல காட்டினா, வெயில்ல இருக்குற யூவி, அதாவது புற ஊதாக் கதிர், பட்ட இடத்துல டைக்ரோமேட்ல இருக்குற குரோமியம் மாறி பிசின இறுக்கிப் பிடிச்சிக்கும், அந்த இடம் தண்ணியில கரையாது. வெளிச்சம் படாத இடம் கரைஞ்சு போயிடும், போகும்போது கலரையும் கூட்டிக்கிட்டு போயிடும். அவ்ளோதான் மந்திரம்.

இப்ப சிக்கல் எங்க வருதுன்னா, வெளிச்சம் மேலேருந்து உள்ள போகுது. பிசின் மேல் பக்கம்தான் முதல்ல இறுகும், அடியில பேப்பர ஒட்டி இருக்குற பிசின் கடைசியாத்தான் இறுகும். கறுப்பு கலர் யூவிய நல்லா குடிக்கிற சாமான், அதுல நெறைய போட்டு தடியா பூசிட்டா வெளிச்சம் அடி வரைக்கும் போகவே போகாது. மேல ஓடு இறுகி இருக்கும், அடி இளகி இருக்கும், தண்ணியில போட்டா அடி கரைஞ்சு மேல் ஓடு பூரா கழண்டு வந்துடும். நீங்க ட்ரேல பார்த்த செதில் அதுதான். எக்ஸ்போஷர, அதாவது வெயில் காட்டுற நேரத்த, கூட்டினா சரியாயிடும்னு நினைச்சு கூட்டினீங்கன்னா நிழல் நிக்குறதுக்குள்ள வெளிச்சப் பக்கம் எல்லாம் மூடிக்கும். மெல்லிசா பூசினா அடி வரைக்கும் இறுகும், ஆனா கறுப்பு பத்தாது. அப்ப என்ன வழி, மெல்லிசா திரும்பத் திரும்ப.

இது புதுசா கண்டுபிடிச்சது இல்ல. டைக்ரோமேட் வெளிச்சத்துக்கு மாறுதுன்னு 1839ல முங்கோ பாண்டன் சொன்னாரு, 1855ல பிரான்ஸ்ல அல்போன்ஸ் பொய்த்வென் கலர கலந்து பிரிண்ட் எடுக்குற வழிக்கு பேட்டண்ட் வாங்கினாரு, 1858ல இங்கிலாந்துல ஜான் பௌன்சி இந்த வகை பிரிண்ட்ட எடுத்து காட்டினாரு. அப்புறம் கொஞ்ச காலம் யாரும் சீண்டல. 1890கள்ல பாரிஸ்ல ராபர்ட் டெமாஷி திரும்ப கிளப்பி விட்டாரு, அதே காலத்துல ஆஸ்திரியால ஹைன்ரிச் கூன், ஹுகோ ஹென்னபெர்க், ஹான்ஸ் வாட்செக் மூணு பேரும் பல பூச்சு முறைய பிடிச்சாங்க. எட்வர்ட் ஸ்டைக்கன் 1904ல எடுத்த நிலா வெளிச்ச குளத்துப் படம் 2006ல ஏலத்துல 29 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல போச்சே, அதுலயும் வெறும் கம் இல்ல, அடியில பிளாட்டினம் பிரிண்ட், அது மேல கம். அவ்ளோ பெரிய ஆளுங்களே ஒரு பூச்ச நம்பல, நாம ஏன் நம்பணும்.

சாமான் வாங்குறது. பிசின்தான் முதல்ல. இந்தியன் சாமான் கடையில பிசின்னு கேட்டா பாதாம் பிசின எடுத்து குடுப்பாங்க, அது வேணாம், அது ஊறி ஊதி நிக்குமே தவிர கரையாது, சர்பத்துல போட்டு குடிங்க. நமக்கு வேணுங்கிறது அரபிக் பிசின், கட்டியாவோ பவுடராவோ ஆன்லைன்ல கிடைக்கும், ஆர்ட் கடையில தண்ணி பதத்துலயே போத்தல்ல விக்கிறாங்க. கட்டியா வாங்கினீங்கன்னா 100 கிராமுக்கு 200லேருந்து 250 மில்லி தண்ணி, பிசின துணியில முடிஞ்சு தண்ணிக்குள்ள தொங்க விட்டு ஒரு ராத்திரி விடுங்க, குப்பை துணியிலயே நின்னுடும். நம்ம சூட்டுக்கு ரெண்டு மூணு நாள்ல புளிச்சு பூசணம் பிடிச்சிடும், அதனால பேக்கிங் சாமான் கடையில விக்கிற சோடியம் பென்சோயேட் ஒரு சிட்டிகை போட்டு ஐஸ்பெட்டில வைங்க. போத்தல் மேல பெருசா எழுதி ஒட்டுங்க, அம்மாவோ வீட்டுக்காரம்மாவோ நன்னாரின்னு நினைச்சு எடுத்துடப் போறாங்க. டைக்ரோமேட் கலக்காத பிசினத்தான் ஐஸ்பெட்டில வைக்கிறத பத்தி சொல்றேன், கலந்தது எதுவும் அந்தப் பக்கமே போகக்கூடாது.

கலர், ட்யூப் வாட்டர்கலர். லேம்ப் பிளாக் எடுங்க, அது வெறும் புகைக்கரி, ரொம்ப பொடிசு, கொஞ்சத்துக்கே நல்லா மூடும், சாயல்ல லேசா நீலப் பக்கம் போகும். ஐவரி பிளாக் கொஞ்சம் பழுப்புப் பக்கம், வேகம் கம்மி. கூட ஒரு பர்ன்ட் அம்பர் ட்யூப் வாங்கி வச்சிக்கிங்க. மாணவர் தரம்னு விக்கிறதுல கலர் கம்மி, மாவு ஜாஸ்தி, கறுப்புக்கு மட்டும் காசு பார்க்காம நல்ல ட்யூப் வாங்குங்க, ஒரு ட்யூப் ரொம்ப நாளைக்கு வரும்.

டைக்ரோமேட்ல ரெண்டு இருக்கு, அமோனியம், பொட்டாசியம். அமோனியம் வேகம், ஆனா தீப்பிடிக்கிற சாமான், ஸ்கூல்ல எரிமலை செஞ்சு காட்டுவாங்களே அதேதான். என் கருத்து பொட்டாசியம் போதும், நம்ம வெயிலுக்கு வேகம் ஒரு பிரச்சனையே இல்ல, அது தண்ணியில கரையிறதே 100 மில்லிக்கு 12 கிராம் சொச்சம்தான், அதனால 10 கிராம் எடுத்து 100 மில்லி ஆக்கி பழுப்பு போத்தல்ல வச்சா வருஷக்கணக்கா கெடாது.

இங்க கொஞ்சம் நிப்பாட்டி கேளுங்க, இத தாண்டிப் போகாதீங்க. டைக்ரோமேட் விளையாட்டு சாமான் இல்ல. ஆறாம் நிலை குரோமியம், புற்றுநோய் வரவைக்கிறது, தூள் மூக்குல போகவே கூடாது, தோல்ல பட்டு பட்டு ஒரு நாள் அலர்ஜி பிடிச்சதுன்னா வாழ்நாள் பூரா விடாது. சிமெண்டு வேலை செய்றவங்களுக்கு கையில வர்ற சொறிக்கு இதே குரோமியம் ஒரு காரணம். ஐரோப்பால 2017லேருந்து தனி அனுமதி இல்லாம பாவிக்க முடியாது. அதனால தூள கரைக்கிற அந்த ஒரு தடவ மாஸ்க், நைட்ரைல் கிளவ்ஸ், கண்ணாடி மூணும் போட்டு, காத்தாடிய நிப்பாட்டிட்டு கரைங்க. அதுக்கப்புறம் எப்பவும் கிளவ்ஸ். சமையல் கட்டுல செய்யாதீங்க, சமையல் தட்டு கரண்டி எதையும் எடுக்காதீங்க, பின்னாடி கொட்டாயில செய்ங்க, சின்னப் பிள்ளைங்க, பூனை, கோழி வராத இடமா பாருங்க. இதுக்கு இடம் இல்ல, கவனமும் வராதுன்னா, டைக்ரோமேட் இல்லாம வேற முறைங்க இருக்கு, நீலமா படம் வர்ற சயனோடைப் பண்ணுங்க, அதுலயும் ஆழமான கறுநீலம் வரும், ஒண்ணும் கொறஞ்சு போகாது.

பேப்பர். 300 கிராம் காட்டன் வாட்டர்கலர் பேப்பர், வழவழப்பான வகை. பல பூச்சுன்னா பேப்பர் பல தடவ நனைஞ்சு காயும், ஒவ்வொரு தடவையும் சுருங்கும், ரெண்டாவது பூச்சுக்கு நெகட்டிவ் பொருந்தாது. அதனால ஆரம்பத்துலயே நல்ல சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊறப்போட்டு தொங்க விட்டு காய வச்சிடுங்க, சுருங்கறது அப்பவே சுருங்கிடும். அப்புறம் சைஸிங், அதாவது பேப்பரோட துவாரத்த அடைக்கிறது, இல்லன்னா கரி பேப்பர் நாருக்குள்ள பூந்துக்கிட்டு வெளியவே வராது, வெள்ளை எல்லாம் அழுக்கா தெரியும். பழைய முறை ஜெலட்டின், லிட்டருக்கு 30 கிராம், ஊற வச்சி கொதிக்காம சூடு பண்ணி பூசி, படிகாரத்த வச்சி இறுக்குறது. வீட்டுல மாட்டு ஜெலட்டின் ஆகாதுன்னு சொல்றவங்க இருப்பாங்க, மீன் ஜெலட்டின் நம்ம சூட்டுல சரியா உறையாது. நான் சொல்றது அக்ரிலிக் ஜெஸ்ஸோ, அதாவது பெயிண்டிங் கேன்வாஸுக்கு அடியில பூசுற வெள்ளைப் பூச்சு, தண்ணி சரிபாதி கலந்து ஸ்பாஞ்ச் பிரஷ்ல மெல்லிசா ரெண்டு கை பூசுங்க, முடிஞ்சுது. தடியா பூசினா பிசின் பிடிப்பு இல்லாம வழுக்கும்.

நெகட்டிவ்வுக்கு பெரிய மெஷின் வேணாம். இது காண்டாக்ட் பிரிண்ட், நெகட்டிவ் அளவுதான் படம் அளவு, அதனால ஏ4 படம் வேணும்னா ஏ4 நெகட்டிவ். டி-ஷர்ட், பேனர் அடிக்கிற சில்க் ஸ்கிரீன் கடை ஒவ்வொரு ஊருலயும் இருக்கும், திருவிழா நேரத்துல தண்ணீர்ப் பந்தல் டி-ஷர்ட் அடிக்கிறாங்களே அங்கதான், அவங்ககிட்ட இன்க்ஜெட் பிலிம் இருக்கும். அவங்க பழக்கத்துல புள்ளி புள்ளியா அடிச்சு குடுத்துடுவாங்க, அதனால முன்னாடியே சொல்லிடுங்க, "அண்ணே, புள்ளி வேணாம், போட்டோ பிரிண்ட் அடிக்கிற மாதிரியே பிலிம்ல அடிச்சு குடுங்க"ன்னு. படத்த கறுப்பு வெள்ளை ஆக்கி, நெகட்டிவா மாத்தி, இடம் வலம் திருப்பி குடுங்க, அப்பதான் மை இருக்குற பக்கம் பேப்பர தொட்டு உக்காரும், படம் கூரா வரும். அவங்ககிட்ட யூவி எக்ஸ்போஷர் பொட்டியும் இருக்கும், பழகிட்டீங்கன்னா மழைக்காலத்துல உதவும். இந்தக் கடைங்களோட மருந்தும் நம்ம மருந்தும் ஒரு வகையில பங்காளிங்க, முன்னாடி ஸ்கிரீன் எமல்ஷன்லயும், அதாவது அவங்க ஸ்கிரீன்ல பூசுற மருந்துலயும், டைக்ரோமேட்தான் போட்டாங்க.

இருட்டுப் படம்னு சொன்னதும் கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் இருட்டாக்கிடாதீங்க. நெகட்டிவ்ல நிழலுக்குள்ள வித்தியாசம் தெரியணும், கறுப்புக்கும் அதிக கறுப்புக்கும் நடுவுல படி இருக்கணும், இருட்ட பூச்சு பார்த்துக்கும். நம்ம பக்கம் இதுக்கு ஏத்த படத்துக்கு பஞ்சமே இல்ல. விடியறதுக்கு முன்ன தலையில விளக்க கட்டிக்கிட்டு மரம் சீவுறவங்க, ரப்பர் சீட்ட புகை போட்டு காய வைக்கிற பழைய ஸ்மோக் ஹவுஸ் உள்பக்கம், லயத்துக்கு பின்னாடி வாசல் விளக்கு, கோலகங்சார்ல 1877ல நட்டதுல இன்னும் நிக்கிற அந்த ரப்பர் மரத்தோட பட்டை. வெள்ளை கொஞ்சம், அதுவும் ஒரே இடத்துல இருக்குற படம் எடுங்க. மேகமும் வானமும் பாதி படத்துக்கு இருக்குறது இந்த வேலைக்கு சரிப்படாது.

கலவைக்கு வருவோம். மூணு சின்ன போத்தல் எடுத்துக்கிங்க, ஒவ்வொண்ணுலயும் 10 மில்லி பிசின் தண்ணி. முதல்ல அரை கிராம் லேம்ப் பிளாக், ரெண்டாவதுல ஒரு கிராம், மூணாவதுல ரெண்டு கிராம். இது ஆரம்பக் கணக்குதான், ட்யூப்புக்கு ட்யூப் மாறும். ரெண்டாவது போத்தல்ல கொஞ்சம் பர்ன்ட் அம்பர் சேர்த்தீங்கன்னா நடு டோன் சூடா வரும், மூணாவதுல சுத்த லேம்ப் பிளாக், குளிர்ந்த கறுப்பு மேல உக்காரும், சூடும் குளிரும் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கும்போது ஒரே கறுப்ப மூணு தடவ பூசினதவிட ஆழம் தெரியும். பூசப் போற நேரத்துல மட்டும் 2 மில்லி கலவைக்கு 2 மில்லி டைக்ரோமேட், சரிக்குச் சரி. ஏ4க்கு அதுவே தாராளம். கலந்தத மீத்து வைக்காதீங்க.

கரி பேப்பர கறையாக்குதான்னு தெரிஞ்சுக்க ஒரு துண்டுல டைக்ரோமேட்டோட சேர்த்து பூசி, காய வச்சி, வெயில் காட்டாம அப்படியே கழுவுங்க. பேப்பர் திரும்ப வெள்ளையா வந்தா கலர் அளவு சரி. சாம்பலா நின்னா கலர் ஜாஸ்தி, இல்லன்னா சைஸிங் பத்தல. சில பேரு வெறும் பிசினும் கலரும் மட்டும் பூசி டெஸ்ட் பண்ணுவாங்க, அதுல வர்ற முடிவு நிஜ பூச்சுக்கு பொருந்தாது.

பூசுறதுக்கு ஆட்டு மயிர் பிரஷ், சீனன் ஸ்டேஷனரி கடையில தட்டையா அகலமா விக்கிறாங்களே அது, ரெண்டு வாங்குங்க. ஒண்ணு பூச, இன்னொண்ணு காஞ்சபடியே இருக்கணும், தடவி சமப்படுத்த. வீட்டு பல்பு மஞ்சளா இருந்தா அந்த வெளிச்சத்துலயே செய்யலாம், காயாம இருக்கும்போது அவ்வளவா வெளிச்சம் பிடிக்காது, ஆனா ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் வேணாம். பிரஷ்ஷ குறுக்கும் நெடுக்கும் வேகமா ஓட்டி அரை நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுங்க, பிசுபிசுப்பு வந்த உடனே கைய எடுத்துடணும், அதுக்கு மேல தடவினா கோடு கோடா நிக்கும். பூசினதுக்கு கீழ பேப்பர் தெரியணும். ஐயோ வெளுப்பா இருக்கேன்னு தோணும், அந்த வெளுப்புதான் சரி.

நம்ம ஊருல சனியன் பிடிச்ச வேலை இந்த காய வைக்கிறதுதான். பூசின பேப்பர் இருட்டுல வச்சாலும் தானா மெல்ல இறுக ஆரம்பிச்சிடும், சூடும் ஈரமும் கூடக்கூட வேகமா இறுகும். குளிர் நாட்டுக்காரன் ராத்திரி பூசி காலையில காட்டுவான், நீங்க அப்படி பண்ணினா காலையில எவ்ளோ கழுவினாலும் வெள்ளை திறக்காது, படம் பூரா ஒரு மூட்டம் நிக்கும். அதனால பூசு, காத்தாடியில காய வை, உடனே காட்டு, உடனே கழுவு, எல்லாம் ஒரே மூச்சுல. ஹேர் டிரையர் போட்டா குளிர் காத்துல போடுங்க. ஏர்கண்ட் ரூம் இருந்தா ரொம்ப நல்லது, அதுவே ஈரத்த இழுத்துடும். சரியா காயலன்னா பேப்பர் நெகட்டிவ் மேல ஒட்டிக்கிட்டு பிலிமோட மை பூரா போயிடும், பயமா இருந்தா நடுவுல ரொம்ப மெல்லிசான தெளிவான பிளாஸ்டிக் சீட் ஒண்ணு வைங்க, கூர்மை கொஞ்சம் போகும், பிலிம் பொழைக்கும்.

படம் திரும்பத் திரும்ப பொருந்தணுமே, அதுக்கு நெகட்டிவ் பிலிம, அதுல இருக்குற படத்த சுத்தி ஓரம் விட்டு பெருசா வெட்டி, ஓரத்துல ரெண்டு ஓட்டை பேப்பர் பஞ்ச்ல போடுங்க, நெகட்டிவையும் பேப்பரையும் சேர்த்து பிடிச்சு போடணும். ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டையில முளைய செருகினா நகராது. மேல கண்ணாடி, பிரேம் கடையில வெட்டி தர்ற சாதா கண்ணாடி போதும். காடி, அதாவது கார், முன் கண்ணாடி மாதிரி லேமினேட் பண்ணினது யூவிய தடுத்துடும், எடுக்காதீங்க.

எக்ஸ்போஷர் காலை பத்து மணிலேருந்து பன்னெண்டுக்குள்ள வச்சிக்கிங்க, மத்தியானத்துக்கு மேல மேகம் ஏறினா கணக்கு தப்பும், புகைமூட்ட காலத்துல சூரியன் சிவப்பா தெரியிற நாள்ல இத தொடவே வேணாம். முதல்ல ஒரு துண்டு பேப்பர்ல அட்டையால மூடி மூடி ஒரு நிமிஷத்துலேருந்து நாலு நிமிஷம் வரைக்கும் அரை அரை நிமிஷமா ஏத்தி காட்டிப் பாருங்க, அதுதான் உங்க வீட்டு வாசல் கணக்கு. பூச்சுக்கு பூச்சு நேரம் மாறணும், இதுதான் மொத்த வேலையோட உயிர்நாடி. முதல் போத்தல், கலர் கம்மி, நேரம் ஜாஸ்தி, மூணு நிமிஷம்னு வைங்க. இது வெளிச்சப் பக்கத்து மெல்லிய சாம்பல் எல்லாத்தையும் பிடிச்சு குடுக்கும், படம் முழுசா தெரியும், ஆனா செத்துப்போன மாதிரி இருக்கும், பரவால்ல. ரெண்டாவது போத்தல் ரெண்டு நிமிஷம் பக்கம், நடு டோன். மூணாவது போத்தல், கலர் ஜாஸ்தி, நேரம் கம்மி, ஒண்ணேகால் நிமிஷம் அப்படி. நேரம் கம்மியா இருக்குறதால நெகட்டிவ்ல ரொம்ப தெளிவா இருக்குற இடத்துல, அதாவது ஆழ்ந்த நிழல்ல மட்டும்தான் இறுகும், மத்த இடமெல்லாம் கழுவிக்கிட்டு போயிடும். இப்படித்தான் வெள்ளைய கெடுக்காம கறுப்ப மட்டும் ஏத்துறது. மூணாவது பூச்சு உரிஞ்சு வந்தா அரை நிமிஷம் கூட்டுங்க, அப்பவும் உரிஞ்சா கலர குறைச்சிட்டு அதே பூச்ச ரெண்டு தடவையா பிரிச்சு போடுங்க.

டைக்ரோமேட் அளவுலயும் விளையாட்டு இருக்கு. அத கூட்டினா வேகம் கூடும், கான்ட்ராஸ்ட் குறையும். குறைச்சா நேர்மாறா. கடைசி கறுப்பு பூச்சுக்கு 10 சதவீத கரைசல்ல கொஞ்சம் தண்ணி சேர்த்து பாவிச்சா நிழல் மட்டும் பிடிச்சு மத்தது சுத்தமா விடும், ஆனா நேரம் அதுக்கு ஏத்த மாதிரி கூடும்.

கழுவுறது அவசரமே இல்லாத வேலை. முதல் ட்ரேல அஞ்சு நிமிஷம், ஆரஞ்சு தண்ணி பூரா அதுல இறங்கிடும், அந்த தண்ணிய கொட்டாம ஒரு வாளில சேர்த்து வைங்க, சொல்றேன். அடுத்த ட்ரேல சுத்த தண்ணியில படத்த குப்புற போட்டு மிதக்க விட்டுட்டு போய் பசியாறிட்டு வாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி மாத்துங்க, மொத்தம் அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம். தானா கழண்டு விழணும், நீங்க தேய்க்கக் கூடாது, நனைஞ்ச பிசின் ரொம்ப இளகல், விரல் பட்டாலே போயிடும். ஒரு மணி நேரம் ஆகியும் திறக்கலன்னா தண்ணிய வெதுவெதுப்பா மாத்துங்க. தலைவிளக்கு வெளிச்சம், கண்ணுல ஒரு புள்ளி, இந்த மாதிரி எடத்த மட்டும் நைசான பிரஷ்ல தண்ணிக்கு உள்ளேயே லேசா தடவி திறக்கலாம், ஸ்பிரே போத்தல் இன்னும் முரட்டு வேலைக்கு. இந்த சுதந்திரம்தான் எனக்கு கம்ல ரொம்ப பிடிச்சது, மத்த பிரிண்ட்ல படம் வந்தது வந்ததுதான், இங்க தண்ணிக்குள்ள இருக்கும்போது இன்னும் நீங்கதான் முதலாளி.

ஒவ்வொரு பூச்சுக்கு நடுவுலயும் நல்லா காயணும், முதுகுப் பக்கம் தொட்டா குளிர்ச்சி தெரியக் கூடாது. மழைநாள்னா ஒரு ராத்திரி விட்டுடுங்க, டைக்ரோமேட் எல்லாம் கழுவி போயிட்டதால இப்ப அவசரம் இல்ல.

முகம் இருக்குற படத்துக்கு ஒரு வார்த்தை. இருட்டா பிரிண்ட் போடுறோம்னு நம்ம ஆளுங்க முகத்த கொண்டு போய் மூணாவது பூச்சுல புதைச்சிடாதீங்க. கறுத்த தோலுக்குள்ள எத்தனையோ படி இருக்கு, வேர்வை மினுக்கு, கன்ன எலும்பு, எல்லாம் நடு பூச்சுலதான் நிக்கும். அதனால ஆள் படத்துக்கு ரெண்டாவது போத்தலையே ரெண்டு தடவ போடுங்க, முதல்ல ரெண்டு நிமிஷம், அடுத்து கொஞ்சம் குறைச்சு, மூணாவது போத்தல் தலைமுடிக்கும் பின்னாடி இருக்குற இருட்டுக்கும் மட்டும். மூணாவது பூச்ச முகத்த சுத்தி பூசாம விட்டாலும் தப்பில்ல, பிரஷ் உங்க கையிலதானே இருக்கு.

எல்லா பூச்சும் முடிஞ்சு பார்த்தா பேப்பர்ல லேசா மஞ்சளோ பச்சையோ ஒரு சாயம் தெரியும், அது மிச்சமிருக்குற குரோமியம். சோடியம் மெட்டாபைசல்பைட் லிட்டருக்கு 10 கிராமிலேருந்து 20 கிராம் வரைக்கும் கரைச்சு, அதுல அஞ்சு நிமிஷம் போட்டு நல்ல தண்ணியில அலசினா போயிடும். வைன் செய்றவங்க சாமான்ல கிடைக்கும், இதோட இனத்த சேர்ந்த பைசல்பைட்டத்தான் ரப்பர் ஆலையில வெள்ளை கிரேப் ரப்பர் நிறம் மாறாம இருக்க ரப்பர் பாலுல கலப்பாங்க, அதனால ஆலை வேலை பார்த்த பெரியவங்களுக்கு இந்த நெடி நல்லா தெரியும். இத கடைசியில ஒரு தடவதான் செய்யணும், பூச்சுக்கு பூச்சு வேணாம்.

தண்ணியில இருக்கும்போது பளபளன்னு அட்டகாசமா இருந்த கறுப்பு காஞ்சதும் ஒரு படி இறங்கிடும், பயப்படாதீங்க, பிசின் காஞ்சா மேட்டா ஆகுது, மேட் மேல வெளிச்சம் சிதறுது, அதான். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கலர் இல்லாத வெறும் பிசினும் டைக்ரோமேட்டும் ஒரு பூச்சு போட்டு வெயில் காட்டி கழுவுறது. ரெண்டாவது, தேன்மெழுகுல கொஞ்சம் லாவெண்டர் எண்ணெய் கலந்து, துணியில எடுத்து மெல்லிசா தேய்ச்சு, பளபளப்பு வர்ற வரைக்கும் துடைக்கிறது. எனக்கு மெழுகுதான், நிழலுக்குள்ள இருக்குற படியெல்லாம் திரும்ப எழும்பி வரும், கை ஈரமும் தாங்கும்.

இப்ப அந்த வாளி. ஆரஞ்சு தண்ணிய காண்டால, அதாவது சாக்கடையில, கொட்டாதீங்க, நம்ம பக்கத்து காண்டா எல்லாம் எங்க போய் சேருதுன்னு உங்களுக்கே தெரியும். மெட்டாபைசல்பைட்ட கொஞ்சம் கொஞ்சமா போட்டு கலக்குங்க, வெளிய காத்தோட்டமான எடத்துல, நெடி அடிக்கும். ஆரஞ்சு முழுசா பச்சையா மாறினா ஆறாம் நிலை குரோமியம் மூணாம் நிலைக்கு இறங்கிடுச்சுன்னு அர்த்தம், விஷம் பெருமளவு குறைஞ்சுடும். மாறலன்னா கொஞ்சம் வினிகர் விடுங்க, புளிப்பு இருந்தாத்தான் வேகமா நடக்கும். அப்புறம் சமையல் சோடா போட்டுக்கிட்டே வாங்க, நுரைச்சு அடங்கி அடியில சாம்பப் பச்சை சேறு படியும். அந்த சேறும் காட்டுல வீசுற சாமான் இல்ல, குரோமியம் கலந்த சேறு மலேசியால 2005ம் வருஷ விதிப்படி பட்டியல் போட்ட அபாயக் கழிவு. தண்ணி வத்த விட்டு சேற மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்ல சேருங்க, மேல என்னன்னு எழுதுங்க, லைசென்ஸ் இருக்குற கழிவு கம்பெனியோ காலேஜ் லேப்போ எடுத்துக்குமான்னு கேட்டு குடுங்க. நாம ஒரு ஆளு பாவிக்கிற அளவுக்கு ஒரு போத்தல் நெறையறதுக்கே ரொம்ப காலம் ஆகும். கிளவ்ஸ், துடைச்ச டிஷ்யூ, கெட்டுப்போன பிரஷ் எல்லாத்தையும் மெட்டாபைசல்பைட் தண்ணியில ஒரு தடவ முக்கி எடுத்துட்டு, தனிப் பையில கட்டி அந்த போத்தலோடவே சேர்த்து வைங்க, ஒண்ணா குடுத்துடலாம்.

பிரேம் போடும்போது கண்ணாடி பிரிண்ட்ட தொடாம நடுவுல மவுண்ட் அட்டை வச்சி போடச் சொல்லுங்க, நம்ம ஈரத்துக்கு பிசின் கண்ணாடில ஒட்டிக்கிட்டா பிரிக்கவே முடியாது. பிரேம் போடாதது எல்லாம் காத்து போகாத டப்பால சிலிக்கா ஜெல்லோட வைங்க, பிசின்ல பூசணம் ஏறினா அது மொதல்ல தெரியறது கறுப்புலதான்.